கறுப்பு வெள்ளை பிலிம் எது வாங்குவது? முதலில் கழுவப் போகிறவரைப் பிடியுங்கள்

நீங்கள் கேட்டது இதுதான்: சித்தப்பாவின் பழைய பென்டாக்ஸ் கே1000 கையில் கிடைத்திருக்கிறது, ஷட்டர் வேலை செய்கிறது, கறுப்பு வெள்ளையில் எடுக்க ஆசை, ஆனால் வீட்டில் மருந்து கலக்க இடமும் இல்லை பொறுமையும் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, லாபில் கொடுத்து அதிக கரைச்சல் இல்லாமல் கழுவி வாங்கக்கூடிய பிலிம் எது?

தம்பி, ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால் இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 சூப்பர் 400. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு ஓர்டர் போட்டுவிடாதீர்கள். எந்த பிலிம் என்பது இரண்டாவது கேள்வி, யார் கழுவப் போகிறார் என்பதுதான் முதல் கேள்வி. கனபேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எங்கேயோ ஒரு வீடியோவில் ட்ரை-எக்ஸ் என்ற பெயரைக் கேட்டுவிட்டு, வெளிநாட்டில் இருந்து வருகிற மாமாவிடம் சொல்லி நாலு ரோல் எடுப்பித்து, ஆசை ஆசையாக எடுத்து முடித்த பிறகுதான் ஊரில் இதைக் கழுவ ஆள் இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்குவார்கள். அதற்குள் ரோல் அலுமாரிக்குள் கிடந்து ஒரு வெயில் காலத்தைக் கடந்திருக்கும்.

கறுப்பு வெள்ளை பிலிம் என்று விற்கிறதில் அடிப்படையே வேறான இரண்டு சாதி இருக்கிறது. பெட்டியை மேலோட்டமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, கழுவும்போதுதான் தெரியும், அப்போது தெரிந்து பிரயோசனமில்லை.

முதல் சாதி வழக்கமான வெள்ளி பிலிம். இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ், எஃப்பி4 பிளஸ், கொடாக் ட்ரை-எக்ஸ், டி-மாக்ஸ், கென்ட்மியர், ஃபோமாபான் எல்லாம் இதற்குள் வரும். ஒளிபட்ட வெள்ளி உப்பை டெவலப்பர் கறுப்பு வெள்ளித் துணிக்கைகளாக மாற்றுகிறது, ஒளிபடாத மிச்சத்தை ஃபிக்ஸர் கரைத்து எடுத்துவிடுகிறது. நெகடிவில் கடைசியாக நிற்பது உலோக வெள்ளி.

இரண்டாவது சாதி கலர் நெகடிவ் முறையிலேயே கழுவப்படுகிற கறுப்பு வெள்ளை. அந்த முறையின் பெயர் சி-41, கொடாக் 1972இல் கொண்டுவந்தது, உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் கலர் லாபும் அதைத்தான் ஓட்டுகிறது. டெவலப்பர் 37.8 பாகை செல்சியஸ், நேரம் 3 நிமிடம் 15 செக்கன். கொடாக் கோல்ட் ஆனாலும் சரி, ஃபியூஜி 400 ஆனாலும் சரி, அதே சூடு, அதே நேரம். இந்த முறையில் வெள்ளி உருவாகும்போதே அதன் பக்கத்தில் சாயமும் உருவாகும். பிறகு பிளீச்சும் ஃபிக்ஸரும் சேர்ந்து வெள்ளி முழுவதையும் கழற்றி எடுத்துவிடும், சாயம் மட்டும் மிஞ்சும். எக்ஸ்பி2வில் அந்தச் சாயங்கள் ஒன்று சேர்ந்து நிறமில்லாத சாம்பல் படமாக நிற்கும்படி செய்திருக்கிறார்கள். அதனால்தான் கலர் ரோல்களோடு சேர்த்து அதே மெஷினுக்குள் விடலாம், லாப்காரர் ஒரு பட்டனைக்கூட மாற்றத் தேவையில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள், எச்பி5 ரோல் ஒன்றை ஆள் கவனிக்காமல் சி-41 மெஷினுக்குள் விட்டால் என்ன நடக்கும்? அதில் சாயம் கிடையாது. இருக்கிற ஒரே படம் வெள்ளி, அதையும் பிளீச் கொண்டுபோய்விடும். கண்ணாடி மாதிரித் தெளிந்த வெறும் பட்டி ஒன்று திரும்பி வரும். காப்பாற்ற வழியே இல்லை. இது கதைக்காகச் சொல்வதில்லை, கலர் மட்டும் செய்து பழகிய இடங்களில் நடக்கிற விஷயம்தான்.

எக்ஸ்பி2வை மறுபக்கமாக, சாதாரணக் கறுப்பு வெள்ளை மருந்தில் கழுவினால் ஓரளவு நல்ல படமே வரும், அது ஒன்றும் பாழாகாது. ஆக எக்ஸ்பி2 எந்த லாபுக்குப் போனாலும் படத்தோடு திரும்பி வரும். எச்பி5க்கு ஒரே ஒரு வழிதான். எங்கள் நிலைமைக்கு இது பெரிய விஷயம்.

சரி, இந்தச் சாதியில் வேறு என்ன இருக்கிறது என்றால், இன்றைக்குக் கடையில் புதிதாகக் கிடைப்பது என்று பார்த்தால் நடைமுறையில் எக்ஸ்பி2 சூப்பர்தான். கொடாக் பிடபிள்யூ400சிஎன் என்று ஒன்று இருந்தது, நல்ல பிலிம், 2014இல் நிறுத்திவிட்டார்கள். ஃபியூஜியிலும் நியோபான் 400சிஎன் என்று இருந்தது, அதுவும் போய்விட்டது. பழைய ஸ்ரூடியோக்காரர் யாராவது லாச்சியைக் கிளறி கொடாக் ரோல் ஒன்றை எடுத்து நீட்டினால் விளையாட்டுக்கு எடுத்துப் பாருங்கள், தங்கச்சியின் கலியாணத்துக்கு எடுக்காதீர்கள். காலாவதியாகிப் பல வருடம் தாண்டிய 400 பிலிம், அதுவும் எங்கள் வெக்கையில் கிடந்தது, நெகடிவ் முழுக்கப் புகைபிடித்த மாதிரித்தான் வரும்.

எக்ஸ்பி2வை எப்படி எடுப்பது என்பதில் ஒரு விசயம் பிடிபட்டால் உங்களுக்கு வேலை லேசு. வெள்ளி பிலிமில் ஒளியைக் கூட்டக் கூட்ட துணிக்கை பெருத்துக்கொண்டு போகும், படம் கரடுமுரடாகும். சாய பிலிமில் எதிர்மாறு. ஒளி கூடின இடத்தில் சாயப் பொட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று கவிந்து இடைவெளியை மூடிவிடும், படம் வழவழப்பாகும். ஒளி குறைந்த இடத்தில்தான் அழுக்கு மாதிரித் தெரியும். அதனால் பெட்டியில் பிலிமின் வேகம் (ஐஎஸ்ஓ) 400 என்று போட்டிருந்தாலும் கமராவில் 200 என்று வைத்து எடுங்கள், பிலிமுக்கு இரண்டு மடங்கு ஒளி கிடைக்கும். லாபில் எதுவும் சொல்லத் தேவையில்லை, வழமையான கழுவல்தான். ஒரே ரோலில் 50இல் இருந்து 800 வரை மாற்றி மாற்றி எடுக்கலாம் என்று இல்ஃபோர்ட்காரரே சொல்கிறார்கள். 800 என்பது தப்பிப் பிழைக்கிற வேலை, நிழல் எல்லாம் மெலிந்துவிடும். 200 நல்ல இடம், 100 வைத்தாலும் குடி முழுகாது.

கே1000 இதற்கு நல்ல பொருத்தம். கமரா ரோலைத் தானாக வாசித்து வேகத்தை வைக்கிற வேலை இதில் கிடையாது, டயலை நீங்களே திருப்ப வேண்டும், 200இல் வைத்துவிட்டு மறந்துவிடலாம். அதோடு பழைய கமராவின் மீற்றர், அதாவது ஒளியை அளக்கிற கருவி, ஒரு ஸ்டொப் (ஒளி இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) அங்கே இங்கே பிசகுவது சாதாரணம். எக்ஸ்பி2 அதைத் தாங்கும், ஒளி கூடின பக்கமாகப் பிசகினால் நன்றாகவே தாங்கும். எங்கள் மத்தியான வெயிலுக்கு 200 என்றால் ஷட்டர் 250 (செக்கனில் 250இல் ஒரு பங்கு), அப்பர்ச்சர் (லென்ஸ் துவாரம்) 16, மீற்றர் செத்துப் போயிருந்தாலும் இந்தக் கணக்கில் எடுக்கலாம். பண்ணைப் பாலத்தில் நின்று கடல்நீரேரியைப் பார்த்தோ காசூரினா கடற்கரை மணலிலோ எடுக்கும்போது வெளிச்சம் இன்னும் கூட, ஒரு ஸ்டொப் மூடுங்கள். 400இல் வைத்திருந்தால் ஷட்டர் 500, அப்பர்ச்சர் 16, கடற்கரையில் இன்னும் மூட வேண்டும். கே1000இன் ஷட்டர் 1000க்கு மேலே போகாது, பின்புறம் மங்கலாக ஒரு முகம் எடுக்க நினைத்தால் 400இல் இடமே இல்லை. அந்த வகையிலும் 200 உதவும்.

எங்கள் ஊர் வெளிச்சம் முரட்டு வெளிச்சம். நல்லூரில் தேர் அன்றைக்குக் காலையில் நின்று பாருங்கள், வெள்ளை வேட்டியும் சால்வையும் ஒருபக்கம் கண்ணைக் கூசும், வெறும் மேலோடு நிற்கிற ஆட்களின் உடம்பு பாதி வெயிலில் பாதி நிழலில், கோபுரத்துக்குக் கீழே கறுத்த நிழல். டிஜிட்டலில் ஒன்றில் வேட்டி வெந்துபோகும் அல்லது முகம் இருண்டு போகும். எக்ஸ்பி2வை 200இல் வைத்து நிழலுக்கு மீற்றர் பார்த்து எடுத்தால் வேட்டி மடிப்பும் இருக்கும், முகமும் இருக்கும். நெடுந்தீவில் முருகைக்கல் மதிலும் குதிரைகளும் எடுக்கப் போகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். வானம் வெளிறிப்போகாமல் இருக்க மஞ்சள் பில்ற்றர் ஒன்று போடலாம், இது கறுப்பு வெள்ளை பிலிம் என்பதால் பில்ற்றர் வழமைபோல் வேலை செய்யும், கமராவின் மீற்றர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதால் கணக்கை ஏறக்குறைய அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஆனால் அதே நல்லூரில் இரவுத் திருவிழா, தீவட்டியும் பல்ப் வெளிச்சமும் மட்டும் என்றால் எக்ஸ்பி2 எனக்குப் பிடிக்காது. அங்கே எச்பி5ஐ 1600இல் எடுத்து, கழுவும்போது நேரத்தைக் கூட்டச் சொல்ல வேண்டும். புஷ் பண்ணுவது என்பார்கள். அது கறுப்பு வெள்ளையைத் தெரிந்து செய்கிற லாபில் மட்டும் நடக்கிற வேலை. கலர் லாபில் போய் எக்ஸ்பி2வைப் புஷ் பண்ணித் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

இனி லாப் விஷயம். கிட்ட இருக்கிற லாப்தான் வசதியான லாப் என்று நினைக்காதீர்கள். கழுவும் மருந்து ஒரு தொட்டிக்குள் நிற்கிறது, ரோல் ஓட ஓட அதற்குப் புதுமருந்து சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும். கிழமைக்கு ஒரு ரோல் வருகிற இடத்தில் மருந்து சும்மா நின்று காற்றுப்பட்டுக் கெட்டுப்போகும், பிறகு உங்கள் ரோல் அதற்குள் போகும், நெகடிவ் மெலிந்து வரும், நீங்கள் பிலிமைத் திட்டுவீர்கள். ஸ்ரூடியோக்கள் டிஜிட்டலுக்கு மாறின பிறகு இது எல்லா ஊரிலும் உள்ள பிரச்சினை. ஆகவே ஊருக்குள் ஒருவர் கலர் ரோல் கழுவித் தருகிறேன் என்று சொன்னால், மரியாதையாகவே ஒரு கேள்வி கேளுங்கள்: அண்ணை, கடைசியாக எப்போது ரோல் ஓட்டினீர்கள்? பதில் இழுபட்டால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். நாளாந்தம் ரோல் ஓடுகிற கொழும்பு லாப் ஒன்று, 400 கிலோமீற்றர் தள்ளி இருந்தாலும், உங்களுக்கு அதுதான் வசதி. சென்னையில் உறவினர் இருந்தால் அங்கேயும் கொடுக்கலாம், லண்டன், ரொறன்ரோவில் இருந்து ஆட்கள் வந்து போகிற வீடு என்றால் அந்த வழியும் இருக்கிறது. இந்த எல்லா இடத்துக்கும் பொதுவாக ஒத்துப்போவது சி-41தான் என்பதைக் கவனியுங்கள். எக்ஸ்பி2 ரோல் ஒன்றை யார் எந்த ஊருக்குக் கொண்டுபோனாலும் கழுவ இடம் கிடைக்கும்.

கொடுக்கும்போது வாயால் சொல்லுங்கள், அல்லது ரோலில் ஒரு துண்டு ஒட்டி எழுதுங்கள்: "சி-41, கலர் மாதிரியே கழுவவும்." ரோலிலேயே அது அச்சடித்திருக்கிறது, இருந்தாலும் கவுண்டரில் நிற்கிற பிள்ளை கறுப்பு வெள்ளை என்பதை மட்டும் பார்த்துவிட்டு, இது எங்களிடம் செய்வதில்லை என்று திருப்பித் தந்துவிடும் அல்லது இரண்டு கிழமைக்கு ஒருபக்கத்தில் எடுத்து வைத்துவிடும். எச்பி5 கொடுக்கும்போது இதே கவனம் இரண்டு மடங்கு வேண்டும், "கறுப்பு வெள்ளை மருந்து, சி-41 அல்ல" என்று பெரிய எழுத்தில்.

பிரிண்ட் போடுவதில் ஒரு சின்னத் தலையிடி உண்டு. எக்ஸ்பி2 நெகடிவைக் கலர் பேப்பரில் அடித்தால் மெஷினைப் பார்க்கிறவரின் கையைப் பொறுத்து ஒருநாள் பச்சை ஓடும், ஒருநாள் மண்ணிறம் ஓடும். சிலருக்கு அந்த மண்ணிறம் பழைய காலத்துப் படம் மாதிரி இருக்கிறது என்று பிடிக்கும், எனக்கு எரிச்சல். கறுப்பு வெள்ளையாகவே ஸ்கான் பண்ணித் தாருங்கள் என்று கேளுங்கள், அல்லது ஸ்கானை வாங்கி நீங்களே நிறத்தை எடுத்துவிடுங்கள், போனிலேயே செய்யலாம். பிறகு பிரிண்ட் அதில் இருந்து போடுங்கள்.

ஸ்கான் என்றதும் பலர் கவனிக்காத நன்மை ஒன்று. லாப் ஸ்கானர்களில் தூசியையும் கீறலையும் அகச்சிவப்புக் கதிரால் கண்டுபிடித்துத் துடைக்கிற வசதி இருக்கும், டிஜிட்டல் ஐஸ் என்பது அதில் பிரபலமான பெயர். சாயத்தின் வழியாக அகச்சிவப்பு ஊடுருவிப் போகும், தூசியில் தடுபடும், அதை வைத்துத் தூசி எது படம் எது என்று மெஷின் பிரித்துக்கொள்ளும். வெள்ளி பிலிமில் வெள்ளியே அதைத் தடுத்துவிடும், மெஷினுக்கு எல்லாமே தூசியாகத் தெரியும், அதனால் அந்த வசதியை அணைத்துவிட்டுத்தான் ஸ்கான் பண்ண வேண்டும், தூசியைக் கையால் எடுக்க வேண்டும். எந்த லாப்காரர் உட்கார்ந்து எடுப்பார்? எங்கள் புழுதிக்கு எக்ஸ்பி2வின் இந்த ஒரு வசதிக்கே காசு கொடுக்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும், உங்களுக்கு உண்மையான கறுப்பு வெள்ளை லாப் ஒன்று கிடைத்தால், வருடக்கணக்காக அதையே செய்கிறவர் என்றால், நான் எச்பி5 பிளஸ் பக்கம்தான் சாய்வேன். காரணம் படத்தின் அழகு மட்டும் இல்லை. கறுப்பு வெள்ளையில் ஒவ்வொரு பிலிமுக்கும் ஒவ்வொரு மருந்துக்கும் வேறு வேறு நேரம். பெரிய லாபுகளில்கூட ரோல்களைச் சேர்த்துவைத்து ஒரே தொட்டியில் ஓட்டுகிற பழக்கம் உண்டு. அப்படி நடக்கும்போது பாதிக்கப்படாத, பொதுவான, எல்லாருக்கும் மனப்பாடமான பிலிம் எதுவோ அதுதான் உங்களுக்கு வசதி. எச்பி5உம் ட்ரை-எக்ஸும் அந்த வகை. நேரம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் படம் தந்துவிடும். டி-மாக்ஸ் நல்ல பிலிம், ஆனால் கழுவுகிற கை ஒழுங்காக இருக்க வேண்டும், ஃபிக்ஸர் களைத்துப் போயிருந்தால் ஊதா நிறம் போகாமல் நிற்கும். ஃபோமாபான் 400 விலை குறைவு, ஆனால் பெட்டியில் எழுதின வேகம் அதற்கு வராது, 200 அல்லது 250 என்று வைத்து எடுக்க வேண்டும். காசைப் பார்க்கிறீர்கள் என்றால் கென்ட்மியர் 400 எடுங்கள், எச்பி5ஐச் செய்கிற ஹார்மன் கொம்பனியே செய்வது, இங்கிலாந்தில் மொபர்லி என்ற இடத்தில். பெயர் தெரியாத, அழகான லேபல் ஒட்டின பிலிம்களை முதல் வருடத்தில் தொடாதீர்கள். அதை எப்படிக் கழுவுவது என்று லாப்காரருக்கு நீங்கள் வகுப்பு எடுக்க வேண்டிவரும்.

வெள்ளி பிலிமின் பக்கம் நிற்க இன்னொரு காரணமும் உண்டு. சாயம் காலப்போக்கில் மங்கும், ஒழுங்காக ஃபிக்ஸ் பண்ணிக் கழுவின வெள்ளி நெகடிவ் அதைவிடக் கனகாலம் நிற்கும். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் அல்பங்களை விட்டுவிட்டு வந்த வீடுகள் எத்தனை என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அம்மம்மாவின் முகம் ஒன்றை அடையாள அட்டைப் படத்தில் இருந்து பெருப்பித்துச் சுவரில் மாட்டியிருக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. குடும்பத்துக்காக, பேரப்பிள்ளைகள் பார்ப்பதற்காக எடுக்கிறீர்கள் என்றால் எச்பி5. ஊர் சுற்றி எடுத்து, ஸ்கான் வாங்கி, போட்டுக் காட்டுவதற்கு என்றால் எக்ஸ்பி2. நெகடிவை எப்படியும் பத்திரப்படுத்துங்கள். பிலிமில் பூசியிருக்கிற ஜெலற்றின் பூஞ்சணத்துக்கு நல்ல சாப்பாடு, ஐப்பசி கார்த்திகை மாரியில் அலுமாரிக்குள் வைத்த லென்ஸுக்கே பூஞ்சணம் பிடிக்கிற ஊர் இது. பொலிப்புரொப்பிலீன் உறைக்குள் போட்டு, காற்றுப் போகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பிவிசி உறை வேண்டாம்.

கலர் பிலிமில் எடுத்து ஸ்கானில் நிறத்தை எடுத்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். செய்யலாம். கொடாக் கலர்பிளஸ் 200, கோல்ட் 200 போன்றவை எக்ஸ்பி2வைவிட லேசாகக் கிடைக்கும், கழுவலும் அதே கழுவல். வானத்தைக் கறுப்பாக்குவதா தோலை வெளுப்பாக்குவதா என்பதை எடுத்த பிறகு முடிவு செய்யலாம், பில்ற்றர் தேவையில்லை. குறை என்னவென்றால் கலர் பிலிமில் நீலத்தைப் பதிகிற படை கரடுமுரடானது, அதை அதிகம் கலந்தால் படம் சொரசொரக்கும். இன்னொன்று, கையில் கலர் இருக்கும்போது கண் கலரைத்தான் தேடும். சிவப்புச் சேலையைப் பார்த்து எடுத்த படம் நிறத்தை எடுத்ததும் ஒன்றுமில்லாமல் போகும். நிழலையும் உருவத்தையும் பார்த்துப் பழக வேண்டுமென்றால் கமராவுக்குள் கறுப்பு வெள்ளைதான் இருக்க வேண்டும். எக்ஸ்பி2 கிடைக்காத மாதத்தில் கமரா சும்மா கிடப்பதைவிட இது நல்லது, அவ்வளவுதான்.

வீட்டில் கழுவுவதை வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், அதனால் நீட்டவில்லை. ஆனால் அதற்கு இருட்டறை தேவையில்லை, ஒரு கறுப்புப் பையும் மூடின தொட்டியும் போதும் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே உள்ள இரண்டு சிக்கல் சூடும் தண்ணீரும். மருந்துகளின் நேரம் 20 பாகைக்குப் போட்டிருக்கும், எங்கள் குழாய்த் தண்ணீர் அதைவிட எவ்வளவோ சூடு, ஐஸ் வைத்துக் குளிராக்க வேண்டும். தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் இருந்து வருகிற தண்ணீர், கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் நெகடிவ் காயும்போது பொட்டுப் பொட்டாக நிற்கும். கடைசி அலசலுக்கு மட்டும் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்க வேண்டும். ஊருக்குள் யாராவது கழுவித் தருகிறேன் என்றால் அவரிடமும் இதைக் கேளுங்கள், பதிலில் இருந்தே ஆள் எப்படி என்று விளங்கிவிடும்.

பிலிம் வருகிற வழியும் போகிற வழியும் கவனம். வெளிநாட்டில் இருந்து கொண்டுவருகிறவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், பெரிய சூட்கேசுக்குள் போட வேண்டாம், கைப்பையில் கொண்டுவர வேண்டும். சூட்கேசுக்கு அடிக்கிற கதிர் கடுமையானது, பிலிமைப் புகைபிடிக்க வைத்துவிடும். கைப்பைக்கும் இப்போது பல விமான நிலையங்களில் புதுவகை சீ.ரீ. ஸ்கானர் வந்திருக்கிறது, அதுவும் பிலிமுக்குக் கூடாது. தெரிகிற பொலித்தீன் பையில் போட்டு, கையால் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். சில இடத்தில் ஒத்துக்கொள்வார்கள், சில இடத்தில் முறைப்பார்கள். மாமாமார் இதற்கெல்லாம் வெட்கப்படுவார்கள், இரண்டு தரம் சொல்லுங்கள்.

வீட்டில் பிரிட்ஜுக்குள், காற்றுப் போகாத பைக்குள் வையுங்கள். எடுத்த உடனே பையைத் திறக்க வேண்டாம், ஒன்றிரண்டு மணித்தியாலம் வெளியில் வைத்துச் சூடு ஏறிய பிறகு திறந்தால் ஈரம் பிடிக்காது. எடுத்து முடித்த ரோலுக்கும் அதே கவனிப்பு, உண்மையில் அதற்குத்தான் கூட வேண்டும். அனுப்புகிற செலவைப் பார்த்து மூன்று நான்கு ரோல் சேர்க்கலாம், அதற்காக அடுத்த வருடம் வரைக்கும் சேர்க்காதீர்கள். இரவு பஸ்ஸில் கொழும்புக்குக் கொடுத்துவிடுவதாக இருந்தால் சாமான் பெட்டிக்குள் போட விடாதீர்கள், என்ஜின் பக்கத்துச் சூடு பொல்லாதது. போகிற ஆளின் கைப்பைக்குள் இருக்கட்டும்.

முதல் ரோலை வாங்க முன்னம் கமராவின் பின்கதவைத் திறந்து பாருங்கள். விளிம்பில் கறுப்பு ஸ்பொன்ஜ் மாதிரி ஒன்று இருக்கும், அது எங்கள் சூட்டில் உருகிப் பிசின் மாதிரி ஆகிவிடும், அந்த வழியாக வெளிச்சம் உள்ளே போகும். போயிருந்தால் மாற்றுவிக்க வேண்டும், பெரிய செலவில்லை. பற்றரி எல்ஆர்44 ஒன்று, மீற்றருக்கு மட்டும்தான், ஷட்டர் பற்றரி இல்லாமலே ஓடும். கே1000இன் மீற்றருக்கு அணைக்கிற சுவிட்ச் கிடையாது, லென்ஸ் மூடியைப் போட்டு வைத்தால்தான் பற்றரி மிஞ்சும். எக்ஸ்பி2வில் 24 படமும் வருகிறது 36 படமும் வருகிறது, முதல் தடவைக்கு 24 கிடைத்தால் அதை எடுங்கள், ஒரே இடத்தை 400, 200, 100 என்று மூன்று விதமாக எடுத்து ஒரு தாளில் குறித்துவையுங்கள், நெகடிவ் வந்ததும் உங்கள் மீற்றர் எந்தப் பக்கம் பிசகுகிறது என்று தெரிந்துவிடும். ஸ்கானை மட்டும் அனுப்பிவிட்டு நெகடிவை எறிந்துவிடுகிற லாபுகளும் இருக்கின்றன, கொடுக்கும்போதே நெகடிவ் திரும்ப வேண்டும், வெட்டி உறையில் போட்டுத் தாருங்கள் என்று சொல்லிவிடுங்கள்.